மலைச்சரிவில் ஐந்து குவிமாடங்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இத்தாலி நாட்டில் யான் கண்டவற்றைப் பற்றி இவ்விழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் அன்புக் கட்டளை இட்டார். இத்தாலி என்றதும் உரோமாபுரியும், நீரில் மிதப்பதுபோல் நிற்கும் வெனிசு நகரமும், பிளாரன்சு நகரத்துச் சிற்பங்களும் உங்கள் நினைவுக்கு வரும். அவற்றைப் பற்றிப் பேச வல்லார் பலர் உளர். அவர்கள் என்னினும் நன்றாகவே பேசுவர். யான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. மலைச்சரிவு ஒன்றில் தனித்து நிற்கும் ஒரு கிறித்தவக் கோயில். அதன் உட்புறம் நீளத்திலும் அகலத்திலும் ஏறத்தாழ 6 மீட்டர் அளவினதே. நாம் கூடியிருக்கும் இம்மண்டபத்துக்குள் அத்தகைய கோயில்கள் சிலவற்றை அடக்கிவிடலாம். ஆயினும், ஒரு மொழி பேசிய மக்கள் தம் தலைநகரினின்றும் நெடுந்தொலைவில், பிறமொழியாளர் நடுவே வாழ்ந்ததன் வரலாறு முழுவதும் அச்சிறு கோயிலுக்குள் அடங்கிக் கிடக்கிறது. தாய்மொழி வழங்காத ஊரில் வந்து வாழும் நமக்கு அவ்வரலாறு சுவை தரும் என்று எண்ணியே இதனைத் தேர்ந்தேன்.

இத்தாலியின் வரைபடத்தை ஒரு காலணிக்கு ஒப்பிடுவர். அக்காலணியின் விரல்நுனிப் பகுதியே கலாபிரியா. ஒருபுறம் திரேனியக் கடல், மறுபுறம் அயோனியக் கடல், இடையே முதுகெலும்புபோல் நீண்ட மலைத்தொடர். இந்நிலத்துக்குக் கிரேக்கர் புதியவர் அல்லர். கி.மு. 8ஆம் நூற்றாண்டு முதற்கொண்டே கிரேக்க நாட்டினின்றும் கலமேறி வந்தோர் இக்கரைகளில் நகரங்கள் அமைத்தனர். பள்ளி மாணவர் அனைவரும் அறிந்த பித்தகோரசு, தம் மாணாக்கரைக் கூட்டிப் பாடம் சொன்ன குரோத்தோன் நகரம் கலாபிரியாவிலேதான் உளது. நம் பழைய நூல்கள் யவனர் என்று குறிக்கும் அம்மக்களின் நாகரிகம் இங்கு மிகச் செழித்திருந்தது. பின்னர் உரோமர் வந்தனர், இலத்தீன் வந்தது. அதன்பின் வந்ததே நம் கோயிலின் காலம்.

பைசாந்தியம் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கான்ஸ்தந்தீன் பேரரசன் 330ஆம் ஆண்டில் உரோமப் பேரரசுக்குக் கிழக்கே ஒரு புதிய தலைநகர் கண்டான். மேற்கே உரோம ஆட்சி வீழ்ந்த பின்னரும் கிழக்கே அது 1453 வரை நீடித்தது. அவ்வரசின் மக்கள் தம்மை எப்போதும் உரோமர் என்றே சொல்லிக்கொண்டனர்; பேசியதும் எழுதியதும் கிரேக்கம். பைசாந்தியர் என்பது பிற்காலப் புலவர்கள் சூட்டிய பெயர். 6ஆம் நூற்றாண்டில் ஜஸ்தினியன் பேரரசனின் படைகள் இத்தாலியைப் பிடித்தன. பிடித்ததில் பெரும்பகுதி விரைவிலேயே கைநழுவிப் போயிற்று. கலாபிரியாவோ 11ஆம் நூற்றாண்டு வரை கிழக்கின் கையில் நின்றது.

ரெஜ்ஜோ நகரத்தினின்றும் அயோனியக் கடலோரமாகச் செல்லும் புகைவண்டியில் ஏறிச் சென்றேன். இடப்புறம் மலை, வலப்புறம் கடல். வழியெங்கும் ஆறுகள் குறுக்கிட்டன. ஆறு என்றேனே தவிர நீர் இல்லை. அகன்ற படுகை முழுதும் வெள்ளைக் கூழாங்கற்கள். மாரியில் மலை வெள்ளம் பாய்ந்து வந்து அனைத்தையும் அடித்துச் செல்லும். கோடையில் வெறும் கல். பாலாற்றையும் வைகையையும் கண்டவர்க்கு இது வியப்பாக இராது. மேட்டுநிலங்களில் ஒலிவ மரங்கள், வேலியோரங்களில் சப்பாத்திக்கள்ளி. அக்கள்ளிப் பழத்தை அவர்கள் முள்நீக்கி விருப்பத்தோடு உண்கின்றனர்.

மொனாஸ்தெராச்சே என்னும் நிலையத்தில் இறங்கினேன். அந்நிலையத்தை அடுத்த கடற்கரையிலேதான் பழைய கிரேக்க நகரமாகிய கவுலோனியா இருந்தது; அதன் பெருங்கோயிலின் அடித்தளத்தை இன்றும் காணலாம். அங்கிருந்து பேருந்து வளைந்து வளைந்து ஏறுகிறது. ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்றதும் கொன்சொலீனோ என்னும் மலையின் மார்பிலே படிப்படியாக ஒட்டிக்கொண்ட வீடுகள் தோன்றின. அதுவே ஸ்தீலோ. கிரேக்கத்தில் ஸ்தூலோஸ் என்றால் தூண். ஊரின் பெயர் அதனின்றும் வந்ததென்பர். இன்று அங்கு வாழ்வோர் 3,000 பேருக்கும் குறைவு.

கடலோரத்தில் வளமான நிலம் இருக்க, இம்மக்கள் ஏன் கழுகு கூடு கட்டும் இடத்தில் ஊர் கட்டினர்? அச்சமே காரணம். 827ஆம் ஆண்டில் ஆப்பிரிக்கக் கரையினின்றும் அராபியர் சிசிலித் தீவில் இறங்கினர். 878இல் சிரக்கூசா வீழ்ந்தது. 902இல் தாவோர்மினா வீழ்ந்தது. சிசிலியில் வாழ்ந்த கிரேக்கத் துறவியர் பலர் நீரிணையைக் கடந்து கலாபிரியாவுக்கு வந்தனர். கடற்கொள்ளையர் கலங்கள் கரையை அணுகும்தோறும் ஊரார் மலைமேல் ஓடினர். ஓடி ஓடிப் பழகியவர் பின்னர் மலையிலேயே தங்கினர். துறவியரோ கொன்சொலீனோவின் குகைகளைத் தேடிக்கொண்டனர். ஒருவர் இருந்து தவம் செய்யும் அளவுடைய குகைகள் அம்மலையில் இன்றும் உள்ளன. சில குகைகளில் சுவரோவியத்தின் சிதைவுகளும் எஞ்சியுள்ளன.

982ஆம் ஆண்டில் இக்கரையோரத்தில் ஒரு பெரும் போர் நிகழ்ந்தது. செருமானியப் பேரரசன் இரண்டாம் ஓட்டோ சிசிலியின் அராபியரோடு பொருது தோற்றான். குதிரையோடு கடலில் பாய்ந்து, பகைவர் கையில் அகப்படாமல், ஒரு கிரேக்கக் கலத்தில் ஏறித் தப்பினான் என்பர். அப்போரை ஸ்தீலோப் போர் என்றே பல நூல்கள் வழங்குகின்றன. நிகழ்ந்த இடம் இன்னும் வடக்கே என்பாரும் உளர். எங்கு நிகழ்ந்திருப்பினும், மூன்று வல்லரசுகள் முட்டிக்கொண்ட எல்லை நிலம் இது என்பதற்கு அதுவே சான்று. எல்லை நிலத்தில் கட்டிய கோயில் பெரிதாக இருத்தல் அரிது. கட்டுவதற்குப் பொருளும் இல்லை, பொழுதும் இல்லை.

ஊரைக் கடந்து, மலைச்சரிவில் சற்று மேலே ஏறினால் கோயில் தோன்றும். அதன் பெயர் கத்தோலிகா. உரோமன் கத்தோலிக்கம் என்பதைக் கொண்டு இப்பெயரை விளங்கிக்கொள்ளல் கூடாது. அனைவர்க்கும் பொதுவானது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல் அது. திருமுழுக்கு அளிக்கும் உரிமை பெற்ற தலைமைக் கோயில்கள் அந்நாளில் இப்பெயரால் அழைக்கப்பட்டன. கட்டிய காலம் 9ஆம் நூற்றாண்டு என்பாரும், 10 என்பாரும், 11 என்பாரும் உளர். பெரும்பாலோர் 10ஆம் நூற்றாண்டை ஒட்டியே சொல்வர்.

முதற்பார்வையில் அதனைக் கோயில் என்று எண்ணத் தோன்றவில்லை. செங்கல்லாற் கட்டிய ஒரு சதுரப் பெட்டி. அதன்மேல் நெல் அளக்கும் படிகளை நிறுத்தி வைத்தாற்போல் ஐந்து உருளைகள். நடுவே ஒன்று, நான்கு மூலைகளில் நான்கு. நடுவில் உள்ளது மட்டும் சற்றே உயர்ந்தது, சற்றே பருத்தது. ஒவ்வோர் உருளையின் தலையிலும் ஓடு வேய்ந்த கூரை. உருளைகளின் உடலைச் சுற்றிச் செங்கற்களைச் சாய்சதுரமாகப் பதித்து வலைப்பின்னல்போல் அணிசெய்திருக்கின்றனர். கீழ்ச்சுவரில் அத்தகைய அணி எதுவும் இல்லை. காண்போர் கண்ணை மேலே இழுக்க வேண்டும் என்று கொத்தன் கருதினான் போலும்.

மலைச்சரிவிற் கட்டுதல் எளிதன்று. கோயிலின் மேற்குப் பகுதி பாறையின்மேல் நேரே அமர்ந்திருக்கிறது. கிழக்கே நிலம் சரிந்து போகிறது. அங்கே கல்லாலும் செங்கல்லாலும் மூன்று அடித்தளங்கள் எழுப்பி, அவற்றின்மேல் மூன்று அரைவட்டப் பிறைகளை நிறுத்தியுள்ளனர். 1783ஆம் ஆண்டில் கலாபிரியா முழுவதையும் குலுக்கிய நிலநடுக்கங்களையும், 1908இல் மெசினாவையும் ரெஜ்ஜோவையும் தரைமட்டமாக்கிய நிலநடுக்கத்தையும் கடந்து அக்கட்டடம் நிற்கிறது. செங்கற்களுக்கு இடையே தடித்த சாந்து, உயரம் குறைவு, பளுவும் குறைவு. பெருங்கோயில்களுக்கு இல்லாத நற்பேறு சிறு கோயிலுக்கு வாய்த்தது.

ஒரு சிறு வாயிலின் வழியே உள்ளே புகுந்தேன். புகுந்தவுடன் கண்ட வியப்பை எவ்வாறு சொல்வேன்! புறத்தே பெட்டிபோல் தோன்றியது அகத்தே வானளாவியதாகத் தோன்றுகிறது. நான்கு மெல்லிய தூண்கள் அச்சதுரத்தை ஒன்பது கட்டங்களாகப் பிரிக்கின்றன. நடுக்கட்டத்தின் மேலும் நான்கு மூலைக் கட்டங்களின் மேலும் குவிமாடங்கள். எஞ்சிய நான்கு கட்டங்களின் மேல் உருளை வளைவுகள். அவ்வளைவுகள் நான்கும் சேர்ந்து சிலுவை வடிவாகின்றன. நடுமாடத்தின் பளுவை வளைவுகள் வாங்கித் தூண்களில் இறக்குகின்றன. மூலைமாடங்கள் அவ்வளைவுகள் பக்கவாட்டில் விரியாமல் அணைத்து நிற்கின்றன. தடித்த சுவர்கள் இல்லாமையால் இடம் விரிந்து தோன்றுகிறது. ஒளியெல்லாம் மேலிருந்தே வருகிறது. கான்ஸ்தாந்திநோபிளில் வல்லார் வகுத்த கட்டடக் கலை, பேரரசின் கோடியில் இருந்த ஒரு மலையூரில், உள்ளூர்ச் செங்கல்லைக் கொண்டு, உள்ளூர்க் கொத்தரால் ஆக்கப்பட்டிருக்கிறது. தலைநகரை ஒருநாளும் கண்டிராத கைகளே இதனைக் கட்டியிருத்தல் கூடும்.

தூண்கள் நான்கும் ஒரே இனத்தன அல்ல. பழைய கட்டடங்களினின்றும் எடுத்து வந்தவை. நான் கூறிய கவுலோனியா நகரத்தின் இடிபாடுகளிலிருந்து வந்தனவாக இருக்கலாம் என்று பலர் கருதுவர். அவற்றின் கீழே பழைய போதிகைகள் தலைகீழாக வைக்கப்பட்டுள்ளன. தூணின் உச்சியில் இருக்க வேண்டிய பூவேலைக் கல் இங்கே தூணின் காலடியில் மிதிபட்டுக் கிடக்கிறது. பழைய தெய்வங்களைப் புதிய சமயம் வென்றதற்கு அறிகுறி இது என்று வழிகாட்டிகள் விளக்குவர். அவ்விளக்கம் அழகானதே. ஆயினும், உயரம் குறைந்த தூணுக்குக் கையில் அகப்பட்ட கல்லை முட்டுக் கொடுத்த கொத்தனின் சிக்கனமாகவும் அது இருக்கலாம் அன்றோ? நம் நாட்டிலும் பழைய கோயில்களைப் புதுப்பித்தபோது கல்வெட்டுக் கற்களைத் தலைகீழாக வைத்துக் கட்டிய இடங்கள் பல. அங்கெல்லாம் யாரும் யாரையும் வென்றதாகக் கொள்வதில்லை.

ஒரு தூணில் சிலுவைக் குறியும், அதைச் சூழ இறைவனின் வெளிப்பாட்டைப் போற்றும் சிறு கிரேக்கத் தொடரும் பொறித்திருக்கின்றன. அதனைக் கண்டு வியந்து நின்ற எனக்கு, அராபிய எழுத்துக்களும் தூணில் உள்ளன என்பதை உடன்வந்தவர் சுட்டிக் காட்டினார். இறைவன் ஒருவனே என்னும் கருத்துடைய அராபியப் போற்றி அது. எவர்க்கு அஞ்சி மலையேறினார்களோ அவர்களுடைய மொழி கோயிலின் தூணிலேயே இருக்கிறது! ஒரு காலத்தில் இவ்விடம் முசுலிம்களின் தொழுகைக்குப் பயன்பட்டது என்பர் சிலர். எழுத்தோடு கூடிய தூணே வேறிடத்திலிருந்து வந்தது என்பர் சிலர். கிரேக்கமும் அராபியமும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்றை மற்றொன்று அழிக்கவில்லை. எந்த விளக்கம் வென்றாலும் அவ்வுண்மை மாறாது.

சுவர்களில் ஓவியங்கள் உள்ளன. ஒரே காலத்தன அல்ல. ஒன்றன்மேல் ஒன்றாகச் சுண்ணம் பூசி, நூற்றாண்டுகள்தோறும் புதிது புதிதாகத் தீட்டியிருக்கின்றனர். அறிஞர்கள் அவ்வடுக்குகளை எண்ணிக் காலம் கணித்துள்ளனர். பழைய அடுக்குகளில் திருச்சபைத் தந்தையரின் நேர்நோக்கிய உருவங்கள். பைசாந்திய மரபுப்படி அகன்ற கண்களோடு நம்மையே நோக்குகின்றனர். பிந்திய அடுக்கில் மரியன்னை துயிலும் காட்சி. பல முகங்கள் பாதி உதிர்ந்துவிட்டன. ஒரு கண்ணும் ஒரு கைவிரலும் மட்டுமே எஞ்சிய புனிதர் ஒருவரின் முன் நெடுநேரம் நின்றேன்.

இவ்வோவியங்கள் வெகுகாலம் சுண்ணாம்புப் பூச்சுக்குள் மறைந்து கிடந்தன. கோயிலும் கவனிப்பார் இன்றிப் பாழ்பட்டிருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாவுலோ ஓர்சி என்னும் தொல்பொருள் அறிஞர் இங்கு வந்து, பூச்சை நீக்கி, கட்டடத்தைப் பழுதுபார்த்தார். அவர் தென்னாட்டவர் அல்லர். இத்தாலியின் வடகோடியிற் பிறந்து, தென்கோடியின் கிரேக்கச் செல்வங்களைத் தேடுவதில் வாழ்நாளைச் செலவிட்டவர். கலாபிரியாவின் துறவியர் கோயில்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1929இல் வெளிவந்தது. அவருக்கு முன்னரே 1847இல் ஆங்கிலேயராகிய எட்வர்டு லியர் இவ்வூரைக் கண்டு வரைந்தார். குழந்தைகளுக்கான வேடிக்கைப் பாடல்களால் பெயர் பெற்றவர் அவர். பிற்காலத்தில் 1873 முதல் 1875 வரை இந்தியாவிலும் சுற்றுப்பயணம் செய்து, மாமல்லபுரத்துக் கோயில்களையும் வரைந்தார். ஸ்தீலோவின் பாறையையும் மல்லையின் பாறையையும் ஒரே கை வரைந்தது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

ஸ்தீலோவைப் பற்றிப் பேசுகையில் கம்பனெல்லாவை விட்டுவிடுதல் முறையன்று. 1568இல் இவ்வூரில் பிறந்த தொமாசோ கம்பனெல்லா ஒரு துறவி, மெய்யியல் அறிஞர். 1599இல் இசுபானிய ஆட்சியை எதிர்த்துக் கலகம் மூட்டத் திட்டமிட்டார் என்று சிறைப்பட்டார். சித்திரவதையைப் பித்தர்போல் நடித்துத் தாங்கி உயிர் தப்பி, ஏறத்தாழ 27 ஆண்டுகள் சிறையில் இருந்தார். அச்சிறையிலே 1602இல் எழுதிய நூலே 'கதிரவன் நகரம்'. ஒரு குன்றின்மேல் ஏழு மதில்கள்; மதில்களில் உலகத்துக் கலைகள் அனைத்தும் ஓவியமாகத் தீட்டப்பட்டிருக்கும்; உச்சியில் சுவரின்றித் தூண்களே தாங்கும் ஒரு வட்டக் கோயில். சிறைப்பட்டவர் தம் மலையூரையும், சிறுவயதில் கண்ட ஓவியக் கோயிலையும் நினைத்தே இதனைக் கற்பித்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் கருத்தே, அறிஞர் முடிபு அன்று. அந்நகரம் எங்குள்ளது தெரியுமா? தாப்ரொபானேத் தீவில் என்கிறார். பழைய மேலை நூலோர் இலங்கைக்கு வழங்கிய பெயர் அது. அந்நாளில் சுமத்திராவுக்கும் வழங்கினர். அந்நகரத்து மக்கள் கொடியோர்க்கு அஞ்சி இந்தியாவினின்றும் அங்கே குடியேறியவர்கள் என்றும் எழுதியிருக்கிறார். கலாபிரியத் துறவி ஒருவர் கனவு கண்ட உயர்ந்த சமுதாயம், இந்தியாவை விட்டுப் புறப்பட்டுச் சென்றவர்களின் சமுதாயம்!

இனி, கோயில் நிற்க, கோயிலைக் கட்டியவர்களின் மொழி என்னவாயிற்று என்பதைச் சொல்ல வேண்டும். இதுவே என் பேச்சின் உயிர்ப் பகுதி.

1060ஆம் ஆண்டில் ரெஜ்ஜோ நகரம் நார்மானியர் கைப்பட்டது. கலாபிரியாவில் கிழக்குப் பேரரசின் ஆட்சி முடிந்தது. நார்மானிய மன்னர்கள் கிரேக்கத்தைப் பகைக்கவில்லை. கிரேக்க மடங்களுக்கு நிலங்கள் கொடுத்தனர். கிரேக்கத்தில் ஆவணங்கள் எழுதுவித்தனர். ஆனால் ஆட்சியில் உயர்வதற்கு இலத்தீன் வேண்டியதாயிற்று. கிரேக்கத்தை எவரும் தடுக்கவில்லை. அஃது இல்லாமலே பிழைக்கலாம் என்ற நிலை வந்தது, அவ்வளவே. நான்கு நூற்றாண்டு கழித்து, 1457இல், அதனாசியோ கல்கியோபுலோ என்பார் கலாபிரியாவின் கிரேக்க மடங்களைப் பார்வையிட்டு எழுதி வைத்த குறிப்புகள் இன்றும் கிடைக்கின்றன. மடங்களில் நூல்கள் சிதைந்து கிடந்தன. கிரேக்கம் படிக்க அறியாத துறவியரும் இருந்தனர். வழிபாட்டு மொழியின் எழுத்தே தெரியாத வழிபாட்டாளர்! பின்னர் ஜெராச்சே நகரத்து ஆயராகிய அவரே 1480இல் தம் ஆளுகைக்குட்பட்ட கோயில்களில் கிரேக்க வழிபாட்டை நீக்கி இலத்தீன் வழிபாட்டைக் கொணர்ந்தார். அவரும் ஒரு கிரேக்கரே என்பதை எண்ணும்போது மனம் வருந்துகிறது. 1573இல் போவா நகரத்திலும் அம்மாற்றம் நிகழ்ந்தது. கத்தோலிகாவின் உட்புறத்தில், இடப்பக்கத்துப் பிறையில், 1577ஆம் ஆண்டில் வார்த்த ஒரு மணி வைக்கப்பட்டிருக்கிறது. இலத்தீன் வழிபாடு வந்தபின் வார்த்த மணி. ஐந்து குவிமாடங்களின் கீழ் அம்மணியைக் கண்டபோது, ஒரு வரலாற்றின் முடிவுப் புள்ளியைக் கண்டதுபோல் இருந்தது.

ஆனால் இடைக்காலத்தில் இம்மண் உலகத்துக்குச் செய்த ஓர் உதவியை மறத்தல் ஆகாது. 14ஆம் நூற்றாண்டில் மேலை ஐரோப்பாவில் ஹோமரை மூலத்தில் படிக்க வல்லார் மிகச் சிலரே. கவிஞர் பெத்ரார்க்கா ஹோமரின் கிரேக்க ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு படிக்க இயலாமல் ஏங்கினார். அவருக்குக் கிரேக்கத்தின் முதற்பாடம் சொன்னவர் கலாபிரியாவின் செமினாரா ஊரினராகிய பர்லாம். அவருக்குப் பின் லெயோந்தியோ பிலாத்தோ என்னும் கலாபிரியர், பொக்காச்சியோவின் ஏற்பாட்டால் பிளாரன்சில் கிரேக்கம் கற்பித்து, ஹோமரை இலத்தீனில் பெயர்த்தார். அழுக்குடையும் சிடுமூஞ்சியுமாய் இருந்தார் என்பர். பொக்காச்சியோ அவரைத் தம் வீட்டிலேயே வைத்துப் பொறுத்துக்கொண்டார். மொழி கற்க விரும்புவார்க்கு அத்தகைய பொறுமை வேண்டும். இவரைப் பற்றிப் பெத்ரார்க்கா எழுதிய குறும்பு ஒன்றுண்டு. இவர் கலாபிரியாவிற் பிறந்தவர். ஆனால் இத்தாலியில் இருக்கும்போது தம்மைக் கிரேக்க நாட்டுத் தெசாலியர் என்பார். கிரேக்கரிடையே இருக்கும்போது இத்தாலியர் என்பார். அவையோர் நகைக்கிறீர்கள். இவ்வூரில் ஒரு பெயரும், விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது வேறொரு பெயருமாக வாழ்வோர் நகைக்காமல் இருக்க முடியுமா? கிழக்கினின்றும் திரும்பும் வழியில், கடலில் புயல் எழ, பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு நின்ற பிலாத்தோ இடி வீழ்ந்து மாண்டார். மேலைநாட்டுக்கு ஹோமரைத் தந்த கை அது.

ஸ்தீலோவில் இன்று கிரேக்கம் பேசுவார் இல்லை. ஆயினும் தென்மேற்கே அஸ்ப்ரொமொந்தே மலையின் சரிவுகளில், போவா, கல்லிச்சியானோ முதலிய சில சிற்றூர்களில் அம்மொழி இன்னும் முற்றும் மறையவில்லை என்று கேள்வியுற்று, போவாவுக்கும் சென்றேன். கடல்மட்டத்துக்கு மேல் 800 மீட்டருக்கும் உயர்ந்த ஊர். ஊர் எல்லையில் நல்வரவு கூறும் பலகை இரு மொழிகளில் இருந்தது. தெருப் பெயர்களும் அவ்வாறே. மொழியைப் பலகைகளில் கண்டேன், தெருவில் கேட்கவில்லை. நெடுநேரம் கழித்து, ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், கேட்டுக்கொண்டதற்கு இணங்கிச் சில சொற்களைச் சொன்னார். நீருக்கு நெரோ, வீட்டுக்கு ஸ்பீத்தி, அன்னைக்கு மானா. பேரக் குழந்தைகள் பேசுவார்களா என்று வினவினேன். அவர்கள் தூரினோ நகரத்தில் இருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். யான் கேட்டது ஒன்று, அவர் சொன்னது ஒன்று என்று நீங்கள் கருத மாட்டீர்கள்.

இம்மொழி எங்கிருந்து வந்தது என்பது பற்றி 20ஆம் நூற்றாண்டில் அறிஞரிடையே பெரும்போர் மூண்டது. கெர்கார்ட் ரோல்ஃப்ஸ் என்னும் செருமானியர் மலைமலையாக நடந்து திரிந்து, ஆட்டிடையரிடமும் உழவரிடமும் சொற்களைத் திரட்டி, இது பித்தகோரசின் காலத்துக் குடியேறிகளிடமிருந்தே அறாமல் வந்த மொழி என்று நாட்டினார். இத்தாலிய அறிஞர் பலர் மறுத்து, பைசாந்தியர் காலத்திலே வந்ததே என்றனர். இரு பக்கத்திலும் ஆழ்ந்த புலமை உண்டு. நாட்டுப்பற்றின் சூடும் உண்டு. அப்போரில் எழுந்த நூல்களை அடுக்கினால் ஓர் அறை நிரம்பும். அவை நிரம்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் ஊர்கள் காலியாகிக்கொண்டிருந்தன. மொழியின் பிறந்த நாளைப் பற்றி வழக்காடியவர்கள் பலர். அதனைப் பள்ளியில் ஒரு மணி நேரம் கற்பிக்க வழி தேடியவர்கள் மிகச் சிலர். தமிழின் தொன்மையைப் பற்றி யான் பேசாத மேடை இல்லை. ஆதலின் இதனைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று கருதுகிறேன்.

பள்ளியில் கிரேக்கம் பேசிய பிள்ளைகள் பிறரால் எள்ளப்பட்டனர்; ஆசிரியராலும் கடியப்பட்டனர். எனவே தாய்மார் பிள்ளைகளிடம் இத்தாலியமும் கலாபிரியப் பேச்சும் பேசலாயினர். பிள்ளைகளின் நன்மை கருதியே பேசினர். அன்பினால் நேர்ந்த இழப்பு அது. மீதியை இயற்கை செய்தது. 1971இல் பெய்த பெருமழையில் ரோகூதி என்னும் கிரேக்கச் சிற்றூர் மண்சரிவுக்கு உள்ளாகி, மக்கள் வெளியேற்றப்பட்டனர். பின்னர்க் கடற்கரையை அடுத்து அவர்களுக்குப் புதிய ஊர் அமைக்கப்பட்டது. மலைமேல் பழைய வீடுகள் கதவின்றி நிற்கின்றன. 1999ஆம் ஆண்டின் 482ஆம் எண் சட்டத்தால் இத்தாலிய அரசு கிரேக்கத்தைப் பாதுகாப்புக்குரிய சிறுபான்மை மொழிகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. நல்ல சட்டம். நல்ல பலகைகள். அண்மைக் காலத்தில் இளைஞர் சிலர் கூடிக் கோடை வகுப்புகள் நடத்தி, முதியவரிடம் சொல் கேட்டுக் கற்கின்றனர் என்றும் அறிந்தேன். பாட்டியிடம் கேளாத மொழியை வகுப்பில் கற்கும் அவர்களைக் குறைகூற யாருக்கும் வாய் வராது. நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் மாணவர் எத்தனை பேர் என்பதைச் செயலாளர் அறிவார். அவரைச் சங்கடத்துக்கு உள்ளாக்க யான் விரும்பவில்லை.

இறுதியாக, ஸ்தீலோவுக்கு அருகில் பிவோஞ்சி என்னும் ஊரில் உள்ள ஒரு மடத்தைக் கூறி முடிக்கிறேன். தெரிஸ்தீஸ் யோவான் என்னும் துறவியின் பெயரால் 11ஆம் நூற்றாண்டில் எழுந்த மடம் அது. தெரிஸ்தீஸ் என்றால் கதிர் அறுப்பவர். அவருடைய அன்னை கருவுற்றிருந்த நிலையில் அராபியரால் கவர்ந்து செல்லப்பட்டுப் பலெர்மோ நகரில் அவரைப் பெற்றாள் என்பது வழிவழிக் கதை. உன் ஊர் கடலுக்கு அப்பால் உள்ளது, அங்கே போ என்று அன்னை சொல்ல, 14 வயதில் தனியே கடல் கடந்து வந்து, ஸ்தீலோவின் துறவியரோடு சேர்ந்தாராம். அறுவடையின்போது புயல் சூழ்ந்து உழவர் கலங்க, அவர் வேண்டிக்கொண்டதும் கதிரெல்லாம் அறுபட்டுக் கட்டாகக் கிடந்தனவாம், அதனால் அப்பெயர். அம்மடம் நூற்றாண்டுகள் பல பாழாய்க் கிடந்தது. 1990களில் கிரேக்க நாட்டின் அதோசு மலையினின்றும் துறவியர் வந்து, அதனைத் துப்புரவாக்கி, மீண்டும் கிரேக்கத்தில் வழிபடத் தொடங்கினர். அதன்பின் அது ருமேனியத் துறவியரின் பொறுப்பில் வந்தது. யான் சென்ற நாளில் வழிபாடு முடிந்து வெளியே வந்தோருள், கலாபிரியாவின் தோட்டங்களிலும் வீடுகளிலும் வேலைக்கு வந்த ருமேனிய மகளிர் சிலர் இருந்தனர். முற்றத்து மர நிழலில் அமர்ந்து, கொண்டுவந்த உணவைப் பகிர்ந்துகொண்டு, தம் மொழியில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தனர்.

ஸ்தீலோவுக்குச் செல்ல விரும்பும் அன்பர்கள் விடியற்காலையிலேயே மலையேறும்படி கேட்டுக்கொள்கிறேன். கோயிலின் மூன்று பிறைகளும் கிழக்கே கடலை நோக்கியவை. ஞாயிறு அயோனியக் கடலினின்றும் எழுந்ததும் செங்கல் முழுதும் செந்நிறம் பெறும். சாளரங்களின் வழியே புகும் ஒளி தூண்களின்மேல் மெல்ல இறங்கிவரும். நண்பகலுக்குப் பின் அவ்வழகு இராது. திரும்பும் பேருந்துகளும் குறைவு.